பம்ப்செட் பச்சை

பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாக யார் யார் வீட்டு அறைகளையோ ஒரே பகலில் மாற்றிக் காட்டிய மோகனப்பிரியா, பதிமூன்றாவதாகத் தன் மாமனார் வீட்டு ஹாலுக்கே நாள் குறித்தாள் என்பது வரை வந்திருந்தோம். நாள், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை. நேரம், காலை எட்டரை. அவள் குறித்தது இவ்வளவுதான். மற்றதையெல்லாம் மாமனார் குறித்துவிட்டார்.

டி.வி.யில் ‘ஓர் அறை, ஒரு பகல்’ வருகிற அந்த அரைமணி நேரத்தை விலைக்கு வாங்கி நடத்துகிறவர் காந்திபுரத்து சீனிவாசலு. முதலில் பதிமூன்று வாரத்துக்கு வாங்கினார். அடுத்த இருபத்தாறு வாரமும் அவருக்கே கிடைத்திருந்தது. அதில் மோகனப்பிரியாவைத் தொடரவிடுவதா, ஒரு சமையல் நிகழ்ச்சியைப் போடுவதா என்று திங்கட்கிழமைக்குள் அவர் மெட்ராஸ் டி.வி. ஆபீஸுக்குச் சொல்லியாக வேண்டும்.

“பதிமூணாவது எப்படி வருதுன்னு பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க மேடம்” என்றிருந்தார்.

மாமனார் தம்பிதுரை, மருமகள் டி.வி.யில் வருவதற்குக் கொடுத்திருந்த அனுமதியும் பதிமூன்று வாரம்தான். சிங்காநல்லூரில் முப்பது வருடமாகப் பம்ப்செட் பட்டறை நடத்துகிறவர். சொன்ன சொல்லை அரை அங்குலம் நகர்த்த மாட்டார். ஆனாலும் தன் வீட்டு ஹால் தன் கண்ணெதிரில் மாறுவதைப் பார்த்தால் மனிதர் கொஞ்சம் இளகுவார் என்று மோகனப்பிரியா நம்பினாள். ஆக, அந்த ஒரு ஹாலை நம்பித்தான் அவள் இரண்டு பேருடைய சம்மதத்துக்கும் காத்திருந்தாள்.

பன்னிரண்டாவது வீட்டைத் தாராபுரத்தில் முடித்து, அங்கேயே அம்மா வீட்டில் ஒரு வாரம் தங்கி, விடிகாலை முதல் பஸ் பிடித்து, ஆறே முக்காலுக்குச் சிங்காநல்லூரில் இறங்கினாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தெருமுனையிலேயே பெயிண்ட் வாசம் வந்தது. பட்டறை பக்கத்து கேட்தான், வாசம் புதிதல்ல. ஆனால் இன்று அது பட்டறையிலிருந்து வரவில்லை.

ஹால் பச்சையாக இருந்தது.

நான்கு சுவரும், ஜன்னல் கம்பியும், ஸ்விட்ச் போர்டின் ஓரமும், சுவரில் இருந்த ஆணிகளும்கூட. தம்பிதுரை பட்டறையிலிருந்து வெளியே போகிற ஒவ்வொரு மோட்டாரும் எந்தப் பச்சையில் போகுமோ அதே பச்சை. ஈரமாக, பளபளவென்று. உள்ளே ஒரு சாமானும் இல்லை.

“வா கண்ணு” என்றாள் மாமியார் ராசாத்தாள், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே. “செவுத்தத் தொட்டுப்போடாத, இன்னும் காயல.”

“அத்தை, என்னுங்க இது?”

“டி.வி.க்காரவிய ஒறம்பரையா வாராங்கல்லோ. பட்டறையில மூணு டின்னு மீதி இருந்துச்சு. மாமா ஆளுகள உட்டு ஸ்ப்ரே கன்னுல அடிச்சுப்போட்டாரு. ரெண்டே மணி நேரம். ஏன், நல்லா இல்லீங்கறயா?”

மோகனப்பிரியா தோள் பையைக் கூட இறக்கவில்லை.

“சாமானெல்லாம் எங்கீங்க?”

“பட்டறை மாடிக்கு ஏத்திப்போட்டோம். ஒரு தூசி இல்லாமத் தொடச்சுத்தான் ஏத்துனேன்.”

“எதையும் தொடாதீங்க, அப்படியே இருக்கட்டும்னு நான் எத்தனை தடவைங்க சொன்னேன்?”

“சொன்னே.”

“அப்புறம்?”

“நீ சொல்லுவே. வாரவிய என்ன நெனப்பாங்க?”

நிகழ்ச்சியின் முதல் எட்டு நிமிடம் பழைய அறையைக் காட்டுவார்கள். கடைசி ஐந்து நிமிடம் புதிய அறை. பழையது எவ்வளவு கண்ணை உறுத்துகிறதோ அவ்வளவுக்குப் புதியது எடுபடும். அந்த வகையில் இந்த ஹாலைப் போல் இன்னொன்று கோயமுத்தூர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. பூப்போட்ட உறை மாட்டிய ஃபிரிட்ஜ், கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் இன்னும் கழற்றப்படாத சோபா, எவர்சில்வர் பாத்திரம் அடுக்கிய கண்ணாடி அலமாரி, மூன்று கடிகாரம், உரக்கடைக் காலண்டர், மூலையில் பட்டறையிலிருந்து வந்த இரண்டு வார்ப்பட இரும்பு உருளை. இரண்டு மாதமாக அவள் இதையெல்லாம் மனதில் படம் பிடித்து வைத்திருந்தாள். இப்போது துடைத்து எடுத்துவிட்டார்கள்.

“அத்தை, பழசு இருந்தாத்தானுங்க நான் புதுசு பண்ணிக் காட்ட முடியும்.”

ராசாத்தாள் நிமிர்ந்து பார்த்தாள். “நாட்டுக்கே காட்டறதுக்கு எங்க ஊட்டு அழுக்குத்தான் கெடச்சுதா? மருமவ வந்துதான் அந்த ஊட்டக் கூட்டிப் பெருக்குனான்னு தாராபுரத்துல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் பேசோணுமா அம்மணி?”

மோகனப்பிரியா தோள் பையை அங்கேயே இறக்கி வைத்தாள். அதே கோபத்தோடு கணவனைத் தேடிப் போனாள். மனோஜ்குமார் பின்வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் இன்னும் மும்முரமாகத் துலக்கினான்.

“ஏனுங்க, உங்களுக்கு இது தெரியுமா தெரியாதா?”

“தெரியும்.”

“தாராபுரத்துக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லோ.”

“பண்ணுனா நீ கத்துவே.”

“இப்ப?”

“இப்பவும் கத்தறே. நேத்தைக்கு ஒரு நாள் மிச்சம்” என்றான் மனோஜ்குமார், வாயைக் கொப்பளித்துவிட்டு.

*

எட்டரைக்கு வேன் வந்தது. சீனிவாசலு, கேமராக்காரர், லைட் ஆள் ஒருவர். பின்னால் ஒரு டெம்போவில், தேக்குப் பலகைகளோடு கோட்டைமேட்டு ஆசாரி அப்துல் குத்தூஸ். பன்னிரண்டு வீட்டிலும் மோகனப்பிரியா வரைந்ததை மரத்தில் செய்து கொடுத்தவர் அவர்.

சாப்பிடாமல் யாரும் ஹாலுக்குள் போகக் கூடாது என்று ராசாத்தாள் வராந்தாவிலேயே இலை போட்டுவிட்டாள். சந்தகை, தேங்காய்ப்பால், இட்லி, அதற்கு இரண்டு சட்னி. வேண்டாம் என்ற லைட் ஆளுக்கு இன்னும் இரண்டு இட்லி விழுந்தது. ஒன்பதே கால் ஆகிவிட்டது.

சீனிவாசலு கை கழுவிவிட்டு ஹாலுக்குள் வந்து, ஏப்பம் விட்டு, சுவரில் ஒரு கையை ஊன்றினார். பிறகு கையை எடுத்துப் பார்த்தார். ஐந்து விரலும் பச்சை.

“மேடம்” என்றார் மெதுவாக. “இது முன்னாடியா, பின்னாடியா?”

குத்தூஸ் பாய் நகத்தால் ஒரு மூலையைச் சுரண்டினார். “எனாமலுங்க. வெயிலடிச்சா நாளைக்குப் பொழுதோட காயும். இந்தச் சாரலுக்கு ஞாயித்துக்கெழமை ஆயிரும். இதுமேல பலகைய வெச்சா பெயிண்டும் வரும், பலகையும் வரும்.”

“பட்டறையில மட்டும் சீக்கிரம் காயுதுங்களே பாய்?” என்றாள் மோகனப்பிரியா.

“அங்க மோட்டாரு ஓடறப்பச் சூடாகிக் காஞ்சுக்குமுங்க. ஊடு எங்கம்மா ஓடப்போகுது?”

அந்த நேரம் பார்த்துத் தம்பிதுரை வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. வாசலில் நின்று நான்கு சுவரையும் ஒரு முறை திருப்தியாகப் பார்த்தார்.

“எப்படிங்க கலரு?”

சீனிவாசலு பச்சைக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “அருமைங்க.”

“உப்புத் தண்ணியில பன்னண்டு வருசம் கெடந்தாலும் போகாதுங்க.”

“பாத்தாலே தெரியுதுங்க.”

மோகனப்பிரியா பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஊரில் ஒரு ஆணியைப் பிடுங்க வேண்டுமானாலும் முதலில் ஆணி நன்றாக இருக்கிறது என்று பத்து நிமிடம் சொல்ல வேண்டும். சீனிவாசலு பத்து நிமிடம் பெயிண்டைப் பற்றிப் பேசினார். பட்டறையைப் பற்றிப் பேசினார். கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். எடுத்துப் போன பழைய சாமானை இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்து போட்டால், அதைப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

தம்பிதுரை கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

“எடுத்ததத் திருப்பிக் கொண்டாந்து போட்டு, நாங்க இதுக்குள்ளதான் குடியிருந்தோம்னு நாங்களே காட்டோணுங்களா?” குரல் உயரவில்லை. “என்னமோ செய்யுங்க. நான் பட்டறையில இருக்கறேன்.”

அவர் போய்விட்டார். யாரும் அசையவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் செய்யக் கூடாது என்றுதான் அந்த வீட்டில் எல்லோருக்கும் அர்த்தம்.

மோகனப்பிரியா சமையலறைக்குப் போனாள். ராசாத்தாள் மத்தியானத்துக்குப் பருப்பு களைந்துகொண்டிருந்தாள்.

“அத்தை, சண்டை போடறதுக்கு வரலைங்க. ஒண்ணு சொல்லிப்போட்டுப் போறேன். இன்னிக்கு இது வரலைன்னா திங்கக்கெழமை அவரு சமையலைப் போட்டுருவாரு. மாமாவும் பதிமூணு ஆச்சுன்னு முடிச்சுருவாரு. மூணு வருசம் பெங்களூர்ல இன்டீரியர் படிச்சதுக்கு அப்புறம் நான் இந்தப் பச்சையப் பாத்துட்டு உக்காந்திருக்க வேண்டியதுதானுங்க.”

ராசாத்தாள் பருப்பிலிருந்து ஒரு கல்லை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டாள்.

“நம்மூட்டுச் சோத்துல கை நனைச்சவிய சும்மா திரும்பிப் போகக் கூடாது” என்றாள், மருமகளுக்கு இல்லை, பருப்புக்குச் சொல்வது போல. பிறகு பின்வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். “ஏப்பா ராசப்பா, நாலு பேரக் கூட்டிட்டு மாடிக்குப் போ.”

*

ராசப்பன் பட்டறையின் மூத்த ஃபிட்டர். அவனும் நான்கு பேரும் சாமானை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். எங்கே வேண்டுமானாலும் போடுங்கள், எப்படியாவது இருந்தால் போதும் என்றாள் மோகனப்பிரியா.

“எப்படியாவதா?” ராசாத்தாள் வாசலில் நின்றாள். “சோபா அந்த மூலையிலயா இருந்துச்சு? இக்கட்ட, இந்தப் பக்கம் தள்ளுப்பா. இன்னும். அலமாரி நேரா இல்ல.”

“அத்தை, அலங்கோலமாத் தெரியோணுங்க.”

“என்ற ஊடு என்னைக்கு அலங்கோலமா இருந்துச்சு?”

ராசப்பன் கையில் மூன்று கடிகாரங்களை வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றில் பத்து இருபது, ஒன்றில் பத்தரை. மூன்றாவது ஓடவில்லை. ராசாத்தாள் சுவரைக் காட்டினாள். மூன்று பச்சை ஆணியிலும் மூன்றும் ஏறின.

காலை ஆறே முக்காலிலிருந்து அடக்கி வைத்திருந்தது மோகனப்பிரியாவுக்கு அங்கேதான் உடைந்தது.

“ஒரு ஹாலுக்கு எதுக்குங்க மூணு கடிகாரம்?”

“இது என்ற தம்பி வெச்சது. இது பட்டறை ஆளுக சேந்து குடுத்தது. இது ஊடு கட்டுனப்ப, பட்டறைக்கு வார்ப்படம் ஊத்திக் குடுக்கற லட்சுமணசாமி வெச்சது. அவரு மாசம் ஒருக்கா வருவாரு. வந்ததும் மொதல்ல அவரு கடியாரத்தத்தான் பாப்பாரு. அப்புறந்தான் உக்காருவாரு.”

“அது ஓடறதே இல்லீங்களே.”

“அவரு மணி பாக்கறதுக்கா பாக்கறாரு?”

“செரிங்க. இந்தச் சோபா? ஆறு வருசமாப் பிளாஸ்டிக்கோட கெடக்குது. சித்திரையில உக்காந்து எந்திரிச்சாத் தோலு உரிஞ்சு வருது. யாருக்காகப் பத்திரப்படுத்தறீங்க?”

“உனக்குத் தோலு மறுக்கா வரும். சோபாவுக்கு வருமா?”

ராசப்பன் இருமுவது போலத் திரும்பிக்கொண்டான். ராசாத்தாளுக்கு வேகம் வந்துவிட்டது.

“எல்லாந் தெரிஞ்சவளாட்டப் பேசறயே. மூணாவது வாரம் பீளமேட்டுல ஒரு ஊட்டுல சாமி மாடத்த எங்க கொண்டுபோயி வெச்சே? தலைக்கு மேல. அந்தம்மா என்ற ஒசரங்கூட இல்ல. வெளக்குப் பொருத்த தெனமும் ஸ்டூலு போட்டு ஏறுவாளா?”

“பாக்கறதுக்கு நல்லா இருந்துதுங்க.”

“பாக்கறது நாம. ஏறறது அவ. எட்டாவது வாரம் சமையக்கட்டுக்குக் கண்ணாடிக் கதவு போட்டே. எண்ணெய்ப் பிசுக்க யாரு தொடைப்பா, நீ போயித் தொடைப்பியா?”

மோகனப்பிரியா நிறுத்தினாள். “டி.வி.யப் பாக்கறதே இல்லைன்னு சொன்னீங்க. ஞாயித்துக்கெழமை அந்நேரத்துக்குக் கோயிலுக்குப் போறேன்னு போவீங்களே.”

ராசாத்தாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “போவேன். வரப்ப ராசப்பன் ஊட்டுல செத்த உக்காந்துட்டு வருவேன்.”

எல்லோரும் ராசப்பனைப் பார்த்தார்கள். “அம்மா யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்னாங்க” என்றான் ராசப்பன்.

“பன்னண்டு வாரமுமா?”

“ஒரு வாரம் கரண்டு போயிருச்சுங்க.”

மோகனப்பிரியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் இரண்டு மடங்காக வந்தது. “செரிங்க அத்தை, சாமி மாடம் தப்புத்தான். ஒத்துக்கறேன். கண்ணாடிக் கதவுக்காரம்மா நல்லாருக்குதுன்னு ரெண்டு லெட்டர் போட்டிருக்கறாங்க, அதை ஒத்துக்க மாட்டேன். இப்ப நான் கேக்கறேன். ஃபிரிட்ஜை எதுக்கு ஹால்ல வெச்சிருக்கறீங்க? ஒரு கறிவேப்பிலைக்கு சமையக்கட்டுல இருந்து இங்க வரைக்கும் நடக்கறீங்க. நான் எண்ணியிருக்கறேன். ஒரு நாளைக்கு நாப்பது நடை. ராத்திரியானா முழங்காலுக்குத் தைலம். எதுக்கு? வாரவிய ஃபிரிட்ஜைப் பாக்கோணும்.”

ராசாத்தாள் ஃபிரிட்ஜ் உறையின் ஓரத்தை இழுத்துவிட்டாள்.

“நாப்பதெல்லாம் இருக்காது” என்றாள் ராசாத்தாள். “முப்பது இருக்கும்.”

“உள்ள கொண்டுபோயிரலாமுங்களா?”

“கொண்டுபோனா கடியாரத்துல கை வெக்கக் கூடாது.”

“ஒண்ணை மட்டும் எறக்கறேன்.”

“லட்சுமணசாமியோடது இருக்கோணும்.”

“ஓடாததை வெச்சுட்டு ஓடறதை எறக்கச் சொல்றீங்களா?”

“என்ற தம்பிது எறக்கு. அவன் வந்தா நான் பேசிக்கறேன். நீ பிளாஸ்டிக்க உரிச்சுக்க. நான் பாக்காதப்ப உரி.”

அப்போதுதான் மோகனப்பிரியா சீனிவாசலுவைப் பார்த்தாள். அவர் கதவோரமாகக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பக்கத்தில் கேமரா. அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“எத்தனை நேரமா?” என்றாள்.

“சோபா வந்ததுல இருந்துங்க மேடம்.”

“இதையெல்லாமா எடுத்தீங்க?” என்றாள் ராசாத்தாள். “சொல்லியிருந்தா நல்ல சேலையாக் கட்டியிருப்பேனல்லோ.”

*

மத்தியானம் ஒரு மணிக்குள் ஃபிரிட்ஜ் சமையலறைக்குப் போனது. குத்தூஸ் பாய் பலகைகளைச் சுவரில் அறையாமல் காலூன்றித் தனியாக நிற்கிற மாதிரி மாற்றிக் கொடுத்தார். பச்சை பாதி மறைந்தது. பிளாஸ்டிக்கை மோகனப்பிரியா உரித்தபோது ராசாத்தாள் சொன்னபடி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சீனிவாசலு மோகனப்பிரியாவை வராந்தாவுக்கு அழைத்தார்.

“மேடம், இருபத்தாறு வாரமும் உங்களுக்குத்தானுங்க. சமையல் வேண்டாம். ஆனா ஒவ்வொரு ஊட்டுக்கும் அத்தையும் வரோணும். நீங்க ஒண்ணு சொல்லோணும், அவிய ஒண்ணு சொல்லோணும்.”

“இது என்ற நிகழ்ச்சிங்க.”

“உங்க நிகழ்ச்சிதானுங்க. யாரு இல்லைன்னாங்க?”

“அவங்க வரலைன்னா?”

சீனிவாசலு பச்சை போகாத கையைத் தடவினார். “சமையல்காரம்மாவும் நல்லாத்தான் பேசறாங்க.”

சாப்பாட்டு நேரத்துக்குத் தம்பிதுரை வந்தார். திரும்பி வந்துவிட்ட அலமாரியைப் பார்த்தார், பளபளக்கிற சோபாவைப் பார்த்தார். இலையில் உட்கார்ந்தார். எதிரில் சீனிவாசலு. விஷயம் இலையில் சாதம் விழுவதற்குள் வெளியே வந்துவிட்டது.

“பேச்சு பதிமூணு வாரமுங்க” என்றார் தம்பிதுரை.

மோகனப்பிரியா இதுவரை மாமனாரிடம் நேராக எதையும் கேட்டதில்லை. மனோஜ்குமார் மூலமாகத்தான் கேட்பாள். இன்று அவனைப் பார்த்தாள். அவன் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மாமா, எனக்கு இன்னும் செய்யோணுமுங்க” என்றாள். “நாலு லட்சம் ஊட்டுல பாக்கறாங்க. நிறுத்தறதுக்கு எனக்கு மனசில்லைங்க.”

“நீ நல்லாத்தான் செய்யறே அம்மணி. நான் கொறை சொல்லல. ஆனா சொன்னது சொன்னதுதான். நாளைக்குப் பட்டறையில ஒருத்தன் எங்கிட்ட சொல்லு மாத்துனா நான் ஏத்துக்குவனா?”

ராசாத்தாள் அவர் இலையில் பொரியல் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“பதிமூணுன்னது அவளுக்குத்தானுங்களே” என்றாள். “எனக்கு நீங்க வாரக் கணக்கு எதும் சொல்லலீங்களே.”

தம்பிதுரையின் கை சாதத்திலேயே நின்றது. “உனக்கு எதுக்கு?”

“அவிய என்னையும் கூப்புடறாங்கல்ல. வாரம் ஒரு ஊரு. நான் தனியாப் போயிட்டு வந்தா நல்லாருக்குமா? மருமவளைத் தொணைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

 தம்பிதுரை மனைவியை அண்ணாந்து பார்த்தார். கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவளுக்கு எங்கே போகலாம், எத்தனை நாள் போகலாம் என்று கணக்குச் சொல்ல வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. அவள் கேட்டதில்லை.

“மோரு ஊத்து” என்றார் கடைசியில். மறுப்புச் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்து பட்டறைக்குப் போனார். அவர் மோர் கேட்டுவிட்டால் அந்தப் பேச்சு சம்மதத்தில் முடிந்தது என்றுதான் அந்த வீட்டில் அர்த்தம்.

மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்தது. ராத்திரி ரயிலில் டேப்பை அனுப்ப வேண்டும் என்று சீனிவாசலு பறந்தார். போகும் முன் வேனிலேயே ஒரு தாளை எடுத்து, தன் கையாலேயே ஒப்பந்தத்தை எழுதி நீட்டினார். மெட்ராஸுக்குத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கையெழுத்தோடு ஃபேக்ஸ் போக வேண்டும்.

ராசாத்தாள் உள்ளே போய் நல்ல சேலை நான்கை எடுத்துக் கட்டிலில் பரப்பிக்கொண்டிருந்தாள். “எந்தக் கலரு டி.வி.க்கு எடுக்கும் கண்ணு?” என்ற குரல் கேட்டது.

மோகனப்பிரியா தாளைப் படித்தாள். இருபத்தாறு வாரம். ஞாயிறு காலை பத்தரை. எல்லாம் சரியாக இருந்தது. நடத்துபவர்கள் என்ற இடத்தில் சீனிவாசலுவின் குண்டு எழுத்தில் இரண்டு பெயர் இருந்தது. முதலில் ராசாத்தாள். அடுத்த வரியில், சற்றுச் சிறியதாக, ‘மருமகள்’ என்று மட்டும்.

பேனாவைத் திறந்தாள். இன்னொரு முறை படித்தாள். மூடி வைத்தாள்.